மோந்து பார்க்கிறவர்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மூக்கைத் தவிர. நீ, பாப்பா, உன் இடுப்பு வலி மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

அத்தான் மில் வாசலிலேயே நின்றிருந்தார். "வாடா மாப்ளே, ஊர் உலகத்துக் குப்பையெல்லாம் இங்கே வந்துதான் திருந்துது. நீயும் திருந்து" என்று முதுகில் ஒன்று வைத்தார். அவர் இங்கே ஃபோர்மேன் என்பதால் யாரும் என்னை ஒன்றும் சொல்வதில்லை. அவரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்.

வேலை இதுதான். பழைய தாள்களைக் கட்டுக் கட்டாகக் கம்பி போட்டு இறுக்கி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு கட்டும் நம் பீரோ உயரம். நான் கம்பியை வெட்டி, தாளை ஓடும் பெல்ட்டில் தள்ள வேண்டும். அது போய்ப் பெரிய அண்டாவில் விழுந்து, தண்ணீரோடு சுற்றிக் கூழாகிவிடும். நேற்று ஒரு கட்டு முழுக்கப் பரீட்சைத் தாள்கள். ஒரு பையன் பதில் தெரியாத இடத்திலெல்லாம் வாத்தியாருக்கு வணக்கம் எழுதி வைத்திருந்தான். மனசு கேட்காமல் அவனுக்குப் பாஸ் போட்டுவிட்டுத் தள்ளினேன்.

அத்தானுக்கு இப்போது தலைகால் புரியாத பெருமை. முன்பெல்லாம் அழுக்குத் தண்ணீர் நேராக ஆற்றுக்குப் போகுமாம். இவர்தான் மேலிடத்தில் பேசிப் பேசி அந்தக் குழாயை அடைக்க வைத்திருக்கிறார். இப்போது அந்தத் தண்ணீர் தரைக்கு அடியில் உள்ள ஒரு தொட்டிக்குப் போய், அங்கிருந்து திரும்பவும் கூழுக்கே வருகிறது. என்னை ஆற்றங்கரைக்கு இழுத்துப் போய்த் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கல்லைக் காட்டினார். கல் தெரிகிறதாம்! சொந்த நிலத்தைக் காட்டுகிற மாதிரி காட்டினார்.

கீழே இரண்டு வரி அவர் எழுதுவார். அதற்கு மேல் எழுதினால் கை சுளுக்கிக்கொள்ளுமாம்.

உன் அன்புத் தம்பி

(உன் தம்பி சாப்பாட்டில் புலி, வேலையில் எலி. இரண்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ இடுப்புக்குத் தைலம் போடு.)



பிப்ரவரி 3

என் எலிக்கு,

உன் கடிதம் கண்டு பாதி உயிர் வந்தது. இங்கே நானும் பாப்பாவும் நலம். இடுப்பும் தன் பங்குக்கு நலமாக இருந்து என்னைப் படுத்துகிறது.

எங்கள் பிரஸ்ஸில் பைண்டிங் பிரிவுக்கு இப்போது உங்கள் மில் தாள்தான் வருகிறது. லேசான சாம்பல் நிறம், அங்கங்கே பொடிப் பொடியாகப் பழைய மையின் புள்ளி. முதலாளி முகத்தைச் சுளித்தார். "மரத்தை வெட்டாம செஞ்ச தாளு சார், கொஞ்சம் கறுப்பாத்தான் இருக்கும். உங்களுக்கு என்ன கல்யாணமா பண்ணி வைக்கப் போறோம்?" என்று கேட்டுவிட்டேன். இந்தக் கடிதம்கூட அதில்தான் எழுதுகிறேன்.

அது கிடக்கட்டும். மூக்கைத் தவிர என்று எழுதியிருந்தாயே, மூக்குக்கு என்ன? ஃபோனில் உன்னைக் கேட்டால் அவர் பிடுங்கி, சிரித்துவிட்டு வைத்துவிடுகிறார். ஒரே அறை, ஒரே ஃபோன். அதனால் எனக்குத் தனியாக எழுது. நானும் இனி அறைக்குப் போடாமல், மில் எதிரே இருக்கும் டீக்கடை விலாசத்துக்கே போடுகிறேன். அம்மா போன பிறகு உன் மூக்கைச் சிந்திவிட்டவள் நான். என்னிடம் மறைக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா



மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். தலைவலி மட்டும் அடிக்கடி. நீங்கள் இருவரும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும்.

கேட்டதால் சொல்கிறேன். ஆற்றுக் குழாயை அடைத்ததிலிருந்து அந்தத் தொட்டிப் பக்கம் அழுகின முட்டை நாற்றம். ஞாயிறு லீவுக்குப் பிறகு திங்கட்கிழமை காலையில் குடலைப் பிடுங்கும். கூழ் கலந்த தண்ணீர் ஒரே இடத்தில் கிடந்தால் அப்படித்தான் புளித்துவிடும் என்கிறார்கள். ஆனால் ஓர் அதிசயம். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றால் நாற்றம் போய்விடுகிறது! சுத்தமாக ஒன்றுமே தெரிவதில்லை. மனுஷன் எதற்கும் பழகிவிடுவான் போல.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. தொட்டியின் அடியில் வண்டல் தங்கினால் ஆள் இறங்கி வாரவேண்டும். இறங்கும் முன் ஒருவர் மூடியைத் திறந்து தலையை விட்டு மோந்து பார்ப்பார். நாறினால் காத்திருப்பார்கள். நாறவில்லை என்றால், "ஒண்ணுமில்ல, வாங்கடா" என்று அவரே முதலில் இறங்குவார். நல்ல மூக்கு உள்ளவருக்குத்தான் அந்த வேலை. அவருக்கு மில்லில் தனி மரியாதை.

பம்ப் ஆபரேட்டர் ஒருவன் எனக்குச் சிநேகிதனாகிவிட்டான். எப்போதும் விசிலடிப்பதால் அவன் பெயரே விசில். அவன் மனைவி மாசமாக இருக்கிறாள். பிள்ளை பிறந்தால் விசிலடித்துக்கொண்டே பிறக்கும் என்று ஓட்டுகிறோம்.

பாப்பாவுக்கு என் முத்தம்.

தம்பி



மார்ச் 20

தம்பிக்கு,

சுகம் விசாரிக்கக்கூட எனக்கு இப்போது பொறுமை இல்லை. இதை முழுக்கப் படி.

மாடிவீட்டு ஆம்புலன்ஸ்காரர் நேற்று தண்ணீர் பிடிக்க வந்தபோது, உன் கடிதத்தில் இருந்த அதிசயத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"நாத்தம் அடிக்கிற வரைக்கும் பயமில்லம்மா, ஓடிடலாம். திடீர்னு நாத்தம் நின்னுச்சுன்னா அந்த வாயு போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. மூக்கு செத்துடுச்சுன்னு அர்த்தம். அடுத்தது ஆளு" என்றார்.

ஒரு பாதாளச் சாக்கடையில் நான்கு பேரை அவர் கையால் எடுத்திருக்கிறாராம். "வேலைக்கு இறங்கினது ஒருத்தன்தான். மத்த மூணு பேரும் அவனைத் தூக்கப் போனவங்க" என்றார்.

பாப்பாவுக்குத் தலை பின்னும்போது பாதியில் நிறுத்திவிட்டு நிற்கிறேன். அந்த வாயுவை அளக்க ஒரு மீட்டர் உண்டாம், சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாமாம். உங்கள் மில்லில் இருக்கிறதா? மோந்து பார்க்கிறவர் நீயா? உடனே பதில் போடு. உடனே.

அக்கா



மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குத் திட்டாதே. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் இடுப்பைப் பற்றி எழுதவே இல்லையே?

மீட்டர் இருக்கிறது, அக்கா. ஸ்டோர் அலமாரியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் உயிர் இல்லை. கம்பெனிக்கு அனுப்பிச் சரிசெய்ய வேண்டுமாம். அத்தானிடம் சொன்னேன். "அனுப்பலாம்டா. அது வர்ற வரைக்கும் மில்லை மூடிட்டு சீட்டாடலாமா?" என்றார். பிறகு அவரே மனசு மாறி மீட்டரைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். ஆம்புலன்ஸ்காரர் சொன்னதையும் சொன்னேன். "சாக்கடை வேற, இது வெறும் காகிதமும் தண்ணியும். காகிதம் ஆளைக் கொல்லுமா?" என்று சிரித்துவிட்டார்.

மோந்து பார்க்கிறவர் நான் இல்லை. எனக்கு அவ்வளவு மரியாதை இன்னும் வரவில்லை. என் இடம் எப்போதும் மேலே, மூடிக்குப் பக்கத்தில். இறங்கியவர் கேட்பதை எடுத்துக் கொடுப்பது, வாளியை இழுப்பது. அவ்வளவுதான். நிம்மதியாகத் தூங்கு.

தம்பி



மே 9

என் கண்ணுக்கு,

நீ மேலே நிற்கிறாய் என்று படித்ததும் மூச்சு வந்தது. கடிதத்தை மடித்து வைத்த பிறகு அந்த மூச்சும் போய்விட்டது. மாடிவீட்டுக்காரர் எடுத்த நான்கு பேரில் மூன்று பேர் மேலே நின்றவர்கள்தானே?

உன்னை எனக்குத் தெரியாதா? கிணற்றில் விழுந்த பூனைக்குட்டிக்காக நீச்சல் தெரியாமல் குதிக்கப் போனவன் நீ. அன்றைக்கு உன் அரைஞாண் கயிற்றைப் பிடித்து இழுத்தது நான். அங்கே இழுக்க யார் இருக்கிறார்கள்?

அதனால் கேட்கிறேன். என் மேல் சத்தியம் பண்ணிக் கொடு. யார் விழுந்தாலும், எப்படிக் கிடந்தாலும், நீ அந்தத் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. கத்து, ஓடு, ஆளைக் கூப்பிடு, தலையில் அடித்துக்கொண்டு அழு. இறங்காதே. விசிலாக இருந்தாலும் சரி, மில் முதலாளியே விழுந்தாலும் சரி. என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொள். எனக்கு நீ வேண்டும்.

அவரிடம் இதைக் காட்டாதே. அவர் மேலே நின்று கத்துகிற ஃபோர்மேன், இந்தப் பயமெல்லாம் அவருக்குச் சிரிப்பாக இருக்கும்.

எழுதி அனுப்பு. வாயால் சொன்னால் நம்பமாட்டேன்.

அக்கா



ஜூன் 1

அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

உன் மேல் சத்தியமாக, யார் விழுந்தாலும் நான் இறங்க மாட்டேன்.

எழுதிவிட்டேன். இதை எழுத இவ்வளவு நாள் ஆனது. ஏன் என்று கேட்காதே.

மெஷினுக்குப் பெரிய ரிப்பேர். அடுத்த மாதம் மில்லையே மூடப்போகிறார்கள். கரண்ட் மிச்சம் பிடிக்கத் தொட்டியைக் கலக்கும் மோட்டாரையும் நிறுத்தி வைப்பார்களாம். விசில் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மீட்டர் இன்னும் திரும்பி வரவில்லை.

தம்பி



ஜூலை 6

தம்பிக்கு,

சத்தியம் வந்து சேர்ந்தது. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். உன் கையெழுத்து ஏன் அப்படிக் கோணலாக இருக்கிறது? காய்ச்சலா?

மில் மூடியிருக்கிறது, திறந்தவுடன் தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலை என்று அவர் ஃபோனில் சொன்னார். அன்றைக்கு லீவு போடு. வயிற்றுப்போக்கு என்று சொல். வெட்கமாக இருந்தால் பல்வலி என்று சொல். முடியாவிட்டால் அவர் பக்கத்திலேயே நில்லு. அவர் எங்கே நிற்கிறாரோ அங்கேயே நில்லு, நகராதே. அவர் கூட இருக்கிறார் என்கிற ஒரு தைரியத்தில்தான் உன்னை அங்கே அனுப்பினேன்.

பதில் போடு.

அக்கா



ஆகஸ்ட் 17

தம்பிக்கு,

எல்லோரும் வந்தார்கள். மில் மேனேஜர் வந்தார், பிரஸ் முதலாளி வந்தார், பத்து வருஷமாகப் பேசாத பெரியப்பா வந்தார். உன் அத்தானைத் தூக்க மாடிவீட்டுக்காரர் தோள் கொடுத்தார். நீ வரவில்லை.

மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எப்படி என்று கேட்டேன். "இறங்கினதும் விழுந்துட்டாரும்மா" என்றார். "ஃபோர்மேன் எதுக்கு இறங்கினாரு?" என்று கேட்டேன். "அவருதாம்மா எப்பவும் மோந்து பார்ப்பாரு. அவரு மூக்கு மேல அவ்வளவு நம்பிக்கை எங்களுக்கு" என்றார்.

பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்டேன். உன்னைச் சொன்னார்.

எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பாப்பாதான், "மாமா ஏம்மா வரல?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டும். கேட்கிறேன்.

அக்கா



செப்டம்பர் 14

அக்காவுக்கு,

இருக்கிறேன்.

விசாரணை நடக்கிறது, ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால் வரவில்லை என்று முதலில் ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அது பொய். பஸ் ஏறி நம் தெரு முனை வரை வந்தேன். பந்தல் தெரிந்தது. அப்படியே திரும்பிவிட்டேன்.

மோந்து பார்க்கிறவர் யார் என்று நீ கேட்கவே இல்லை. நீயா என்று மட்டும் கேட்டாய். அவர் சொல்லாதே என்றார், நானும் சொல்லவில்லை. உன் சத்தியக் கடிதம் வந்தபோது உன்னிடம் ஓடி வந்து சொல்லியிருக்க வேண்டும். உனக்குப் பயம் இன்னும் கூடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். எழுத்து கோணலாகப் போனது அதனால்தான்.

அன்று காலை மூடியைத் திறந்தார். லேசாக ஒரு வீச்சம் வந்தது, உடனே நின்றுவிட்டது. அவர் குனிந்து ஆழமாக இழுத்தார். "ரோஜாத் தோட்டம்டா மாப்ளே, ஒண்ணுமே இல்ல" என்றார். "அத்தான், மீட்டர் வரட்டும்" என்றேன். "மீட்டர் வர்றதுக்குள்ள உனக்கு மீசை நரைச்சிடும்" என்று சொல்லிவிட்டு ஏணியில் கால் வைத்தார். பாதியில் கை விட்டுவிட்டது. கூப்பிடக்கூட இல்லை.

எனக்குக் கால் தானாகவே ஏணிக்குப் போனது, அக்கா. ஒரு கால் உள்ளே வைத்துவிட்டேன். பிறகு எடுத்துவிட்டேன்.

விசில் ஓடி வந்து குதிக்கப் போனான். நான் அவன் இடுப்பைக் கட்டித் தரையில் தள்ளி அவன் மேல் உட்கார்ந்துகொண்டேன். "விடுறா, உன் அக்கா புருஷன்டா, நீயெல்லாம் மனுஷனா" என்று என் கையைக் கடித்தான். தழும்பு இருக்கிறது. முகமூடி போட்ட தீயணைப்புக்காரர்கள் வரும்வரை நான் விடவில்லை. அங்கே உட்கார்ந்தபடியே பார்த்தால் தொட்டிக்குள் அத்தானின் முதுகு தெரிந்தது. நான் வேறு பக்கம் பார்க்கவில்லை. பார்ப்பதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

விழுந்தவுடனே முடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். என்னைத் தேற்றுவதற்குச் சொன்னாரா, தெரியவில்லை. விசிலுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அவன் என்னோடு பேசுவதில்லை. கேன்டீனில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

தொட்டிக்கு இப்போது காற்றுக் குழாய் போட்டிருக்கிறார்கள், இரவும் பகலும் குமிழி வருகிறது. ஆளுக்கொரு மீட்டர் கொடுத்துவிட்டார்கள். தண்ணீரைத் திருப்பி எடுப்பது நிற்கவில்லை. நிறுத்தவும் கூடாது. அது அத்தான் ஆசைப்பட்டுச் செய்த நல்ல காரியம். அசையாமல் தேங்க விட்டதும், மூக்கை நம்பியதும்தான் தப்பு. இதை விசாரணையில் சொல்லிவிட்டேன்.

நான் வரலாமா?

தம்பி



அக்டோபர் 5

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

கைக்காயத்துக்கு மருந்து போட்டாயா? சாப்பிடுகிறாயா? பாப்பாவுக்கு நேற்றுதான் காய்ச்சல் விட்டது. நான் பிரஸ்ஸுக்குப் போகத் தொடங்கிவிட்டேன்.

துக்கம் விசாரிக்க வருகிறவர்களெல்லாம் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். "கூடப் பொறந்தவன் பார்த்துக்கிட்டு நின்னானாமே" என்று பெரியப்பா சொன்னார். "நான்தான் நிக்கச் சொன்னேன், இறங்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்" என்று சொன்னேன். அதிலிருந்து அவர் மறுபடியும் பேச்சை நிறுத்திவிட்டார். மாடிவீட்டுக்காரர் மட்டும், "அந்தப் பையன் ரெண்டு உசுரைக் காப்பாத்தியிருக்கான்" என்றார். நீ செய்தது சரி. எனக்கு அதில் துளிக்கூடச் சந்தேகம் இல்லை.

உன்னிடம் கோபம் என்று நினைத்துத் தெரு முனையிலிருந்து திரும்பினாய். கோபம் இல்லைடா. நான் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தது வேறு ஒன்றுக்காக. தினமும் என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறேன். இறங்கப்போவது அவர்தான் என்று தெரிந்திருந்தால் அந்தச் சத்தியத்தை உன்னிடம் வாங்கியிருப்பேனா? முதலில் அவரைத் தடுத்திருப்பேன், அது உண்மை. தடுக்க முடியாமல் போயிருந்தால்? அந்த நிமிஷம் நானும் உன் பக்கத்தில் நின்றிருந்தால்?

வாங்கியிருக்க மாட்டேன். என்ன ஆகும் என்று தெரிந்தும், "போடா, இறங்குடா, அவரைத் தூக்குடா" என்று உன்னைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் இதே பதில்தான் வருகிறது. விசிலுக்காக உன்னை இழக்க மாட்டேன் என்றேன். அவருக்காக என்றால் இழந்திருப்பேன். உன்னை வளர்த்த கையாலேயே தள்ளியிருப்பேன்.

உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. இதை நான் சொல்லும் முன்பே நீ வந்து என் காலடியில் உட்கார்ந்து அழுவதை என்னால் தாங்க முடியாது. அதனால் எழுதிவிட்டேன்.

இதைப் படித்த பிறகும் வரத் தோன்றினால் வா.

அக்கா